வளவுக்குள் தார்ப் பாதை: விரிசலில் எதை ஊற்றுவது?

கணக்கு டீச்சர் | 25 ஆகஸ்ட் 2024

எங்கள் வீடு திருநெல்வேலிப் பக்கம், தாழையூத்துக்கு வடக்கே. வளவு முழுக்கக் கரிசல் தரை. கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் 62 அடி நீளம், 10 அடி அகலத்துக்குத் தார் போட்ட பாதை இருக்கிறது. தெருவில் வேறு யார் வளவுக்குள்ளும் தார் கிடையாது. சிமெண்டுத் தளம், இல்லையென்றால் வெறும் சரள். இது எங்கள் மாமனார் செய்த காரியம். 2013-ல் தெருவுக்கு ரோடு போட்டபோது சாயங்காலம் லாரியில் கொஞ்சம் கலவை மிஞ்சியிருக்கிறது. மாமா அவர்களிடம் பேசி, துட்டைக் கொடுத்து, அப்படியே உள்ளே தட்டச் சொல்லிவிட்டார்கள். இருட்டுவதற்குள் ரோலர் நாலு தரம் போய்வந்து பாதை தயார். "நம்ம வீட்டுக்குள்ளயே ஹைவேஸ்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். மாமா இப்போது இல்லை. பாதையும் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

வேப்ப மரம் நிற்கிற கிழக்கு ஓரத்தில், விளிம்பிலிருந்து ரெண்டடி தள்ளி, நாற்பது அடிக்கு ஒரே கோடாக வெடித்திருக்கிறது. சித்திரையில் என் சுண்டுவிரல் உள்ளே போனது. கார் நிறுத்துகிற இடத்தில் நாலடிக்கு நாலடி, முதலைத் தோல் மாதிரி சின்னச் சின்னத் துண்டாக நொறுங்கி, லேசாக அமுங்கியும் இருக்கிறது. வாசல்படிக்கு முன்னால் முறம் அளவுக்கு ஒரு வட்டம். அது மட்டும் பொருபொருவென்று பெயர்ந்து வருகிறது. ஏன் வட்டமாக என்று பிடிபடவில்லை. மற்ற இடமெல்லாம் தலைமுடி மாதிரி கோடுகள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் வளவுக்குள் ரெண்டு நாள் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகுதான் எல்லாம் வேகமாகக் கெட்டது.

பங்குனியில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஒரே நாள் வேலை டீச்சர்" என்று 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, தாரில் கழிவு ஆயிலைக் கலந்து வாளியில் கொண்டுவந்து ஊற்றி, துடைப்பத்தால் பரப்பிவிட்டுப் போனார். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் காயவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அத்தை கோழிக்கு அரிசி போடப் போனார்கள். திரும்பி நேரே தார்சாவுக்குள் (முன்கூடத்துக்குள்) வந்துவிட்டார்கள். சிவப்பு சிமெண்டுத் தரையில் வாசலில் இருந்து அடுக்களை வரைக்கும் பதினோரு கறுப்பு அடி, எல்லாம் வலது கால். இடது செருப்பு தாரிலேயே நின்றுவிட்டது. தேங்காயெண்ணெயும் பழந்துணியுமாக ஒரு வாரம் துடைத்தேன். இன்னும் அடுக்களை நிலைப்படி ஓரத்தில் ஒரு குதிகால் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். இந்த விரிசல்களில் எதை ஊற்றினால் நிற்கும்? காய்ச்சின தாரா, டின்னில் வருகிற ஏதாவதா, இல்லை சிமெண்டுப் பாலா? சின்ன வேலை என்பதால் ஆள் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். நானும் என் மகனும் செய்ய முடிகிற மாதிரி சொல்லுங்கள்.


பாளைப் பையன் | 25 ஆகஸ்ட் 2024

டீச்சர், தாரை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஒரு ஜேசிபி விட்டுப் பெயர்த்துத் தள்ளிவிட்டு பேவர் பிளாக் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் ரெண்டு நாளில் முடிந்தது. கல் அமுங்கினால் எடுத்து மண் போட்டுத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். சிமெண்டுப் பால் மட்டும் ஊற்றாதீர்கள். அது தாரோடு ஒட்டாது, வெயிலுக்கு வில்லை வில்லையாகக் கழன்று வரும்.


டாலஸ் கோவில்பட்டியான் | 26 ஆகஸ்ட் 2024

நான் பிறந்தது கோவில்பட்டி, இருப்பது டாலஸ் பக்கம். கரிசலை விட்டுத் தப்பித்து வந்தோம் என்று பார்த்தால் இங்கேயும் காலடியில் அதே கறுப்பு மண்தான். மழைக்கு வீங்கும், வெயிலுக்கு வாய் பிளக்கும். கோடையில் வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றிக் கசிவுக் குழாயைப் போட்டு மண்ணுக்குத் தண்ணீர் விடுகிறார்கள், மண் சுருங்கினால் சுவர் வெடிக்கும் என்று. ஊரில் ஆச்சியிடம் போனில் சொன்னேன். "மனுசனுக்கே தண்ணியக் காணோம், அங்க வீட்டுக்கு ஊத்துதானா, கோட்டிக்காரப் பய" என்றாள்.

இதற்கு முன் ஆறு வருஷம் நியூ ஜெர்சியில் இருந்தேன். அங்கே வீட்டுக்கு வீடு டீச்சர் சொல்கிற மாதிரி தார்ப் பாதைதான். விரிசல் அங்கே வேறு விதமாக வளரும். உள்ளே இறங்கின தண்ணீர் பனிக்காலத்தில் உறையும். உறைந்தால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். ஆப்பு அடித்த மாதிரி விரிசலை அகட்டும். அதனால் ஆண்டுதோறும் குளிருக்கு முன்னால் ஆளாளுக்கு டப்பாவும் கையுமாகக் குனிந்துகொண்டிருப்பார்கள். நானும் குனிந்திருக்கிறேன். கடையில் விற்கிற, காய்ச்சாமல் ஊற்றுகிற டப்பாச் சரக்கு எனக்கு ஒரு குளிர் தாங்கியது, ரெண்டாவது குளிரில் உரிந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் ஊற்றியது நாலு வருஷம் கிடந்தது. அதே டப்பா! வித்தியாசம் என்னவென்றால், அவர் அரை நாள் சுத்தம் செய்துவிட்டு அரை மணி நேரம் ஊற்றுவார். நான் நேர் எதிர்.

அவர் சொல்லித்தந்த இன்னொன்று: ஆழமான விரிசலை அடி முதல் மேல் வரை சரக்கால் நிரப்பக் கூடாது. நுரை ரப்பர்க் கயிறு ஒன்று விற்கிறது, அதை உள்ளே திணித்து மேல் அரை இஞ்சுக்கு மட்டும் ஊற்றுவார். மொத்தமாக நிரப்பினால் சரக்கும் வீண், இழுபட்டும் கிழியும்.

அப்புறம், மேலே கறுப்பாக அடிக்கிற பூச்சு விரிசலை மூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது முகத்துக்குப் பவுடர் போடுகிற கணக்கு.


தார்ச்சட்டி | 27 ஆகஸ்ட் 2024

டீச்சருக்கு வணக்கம். நான் 31 வருஷம் ரோட்டு வேலை பார்த்துவிட்டு இப்போது சும்மா இருக்கிறவன். நான் சொல்லச் சொல்லப் பேரன் டைப் அடிக்கிறான். பிழை இருந்தால் அவன் கணக்கு.

எதை ஊற்றுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர் எங்கேயிருந்து உள்ளே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பார்க்காமல் எதை ஊற்றினாலும் அடுத்த கார்த்திகைக்கு மறுபடி இங்கே வந்து எழுதுவீர்கள். முதலில் நாலு காரியம் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

கிழக்கு ஓரத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி குழி தோண்டி, தார் எத்தனை இஞ்ச், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அளந்து பாருங்கள். மம்பட்டி போதும்.

மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் எங்கே வந்து விழுகிறது? ஒரு வாளி மேலே ஊற்றிப் பாருங்கள்.

நீளமான விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகக் கான்கிரீட் ஆணி அடியுங்கள். தலை தரையோடு இருக்கட்டும், டயரில் ஏறிவிடக் கூடாது. மூன்று இடத்தில் மூன்று ஜோடி. ரெண்டு ஆணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துவைத்து மாசம் ஒரு தரம் அளங்கள். கணக்கு டீச்சர்தானே.

நாலாவது, கேட்கவே சிரிப்பாக வருகிறது. அந்த வட்டம், பொங்கலுக்கு அடுப்புக் கட்டி வைக்கிற இடமா?


கணக்கு டீச்சர் | 1 செப்டம்பர் 2024

அண்ணாச்சி, நீங்கள் எங்கள் வளவுக்குள் வந்திருக்கிறீர்களா? அத்தையிடம் படித்துக் காட்டினேன், வாயில் கை வைத்துக்கொண்டார்கள். ஆமாம், பத்து வருஷமாக அதே இடத்தில்தான் மூன்று கட்டி வைத்து, பனையோலை எரித்து, ரெண்டு பானை பொங்கல் விடுகிறோம். கீழே மணல் பரப்புவோம். ஆனால் ஒப்புக்கு ஒரு கைப்பிடிதான்.

குழி தோண்டிவிட்டேன். மகன் வேடிக்கை பார்த்தான், நான்தான் தோண்டினேன். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தது: தார் ஒரு இடத்தில் 22 மில்லிமீட்டர், ஒரு இடத்தில் 30. அதற்குக் கீழே சரள், ரெண்டு இஞ்ச் இருக்கும், கையால் கிளறினாலே வருகிறது. அதற்கும் கீழே நேரே கரிசல். ஜல்லி ஒன்றுகூடக் கிடையாது. தாரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஜல்லிக்கும் ஜல்லிக்கும் இடையில் தார் மூடாமல், கடலை மிட்டாயில் பாகு பத்தாத மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. பென்சில் முனை போகிறது. ரெண்டு விரலால் ஒடித்தால் ஒடிகிறது.

குழாய் விஷயம்தான் வெட்கமாக இருக்கிறது. மாடியில் ரெண்டு குடம் ஊற்றச் சொல்லிவிட்டுக் கீழே நின்றேன். தண்ணீர் நேரே வந்து விழுகிற இடம், அந்த நாலடிக்கு நாலடி. கார் எப்போதும் அதன்மேல் நிற்பதால் நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை.

ஆணி மூன்று ஜோடி அடித்தாயிற்று. சரியாக 100 மில்லிமீட்டர் இருக்கும்படி அடித்தேன், கணக்கு பார்க்கச் சுலபம்.


தார்ச்சட்டி | 2 செப்டம்பர் 2024

நல்ல வேலை பார்த்தீர்கள். இனி ஒவ்வொன்றாக வாரேன்.

உங்கள் மாமா மேல் குற்றம் சொல்லவில்லை, ஆனால் சாயங்கால மிச்சம் என்றாலே அது ஆறின கலவை. சூட்டுக் கலவையைப் பரப்பும்போது 120 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். 90-க்குக் கீழே இறங்கிவிட்டால் ரோலர் ராத்திரி முழுக்க ஓடினாலும் அமுங்காது. நீங்கள் பார்த்த ஓட்டை அதுதான். ஓட்டை வழியாகக் காற்றும் தண்ணீரும் போய்த் தார் சீக்கிரம் கிழடு தட்டிவிட்டது. அதோடு அடியில் ஜல்லித் தளம் இல்லை. காரின் பாரத்தைத் தாங்குகிறது தார் இல்லை டீச்சர், அதற்குக் கீழே இருக்கிறது தாங்குகிறது. தார் ஓலைக்கூரை மாதிரி, தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான். உங்களுக்குக் கூரையும் ஒழுகல், சுவரும் கரிசல்.

பாளைத் தம்பி பேவர் பிளாக் என்கிறார். போடலாம். ஆனால் அதே கரிசல்மேல் நேரே போட்டால் ரெண்டு மழையில் கல்லெல்லாம் வரப்பும் வாய்க்காலுமாக ஆகும். அதற்கும் அடித்தளம் தோண்டியே ஆக வேண்டும். அந்தச் செலவுக்குத் தயார் என்றால் எதை வேண்டுமானாலும் போடுங்கள். இப்போதைக்கு ரிப்பேர்.

முதலில் குழாய். ஒரு எல்போவும் ஒரு முழுக் குழாயும் வாங்கி, மேற்குப் பக்கம் மழைநீர்த் தொட்டி இருந்தால் அதில் விடுங்கள். பாதை ஓரத்தில் விடாதீர்கள், வேப்ப மரத்துக்கும் விடாதீர்கள். இதைச் செய்து முடிக்கிற வரைக்கும் தாரைப் பற்றிப் பேச வேண்டாம்.

அந்த முதலைத் தோல் இடத்தில் எதை ஊற்றினாலும் வீண். அது விரிசல் இல்லை, அடி போய்விட்டதற்கு அடையாளம். கெட்ட இடத்தைத் தாண்டி, நல்ல இடத்தில் அரையடி சேர்த்துச் சதுரமாகக் கோடு போட்டு, டைல்ஸ் வெட்டுகிற கட்டிங் மிஷினால் வெட்டி எடுங்கள். ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். சட்டி மாதிரி சரிந்தால் ஒட்டுப்போட்டது நழுவி வரும். ஓர் அடி ஆழம் தோண்டிக் கரிசலை வெளியே தள்ளுங்கள். அடியில் ஆறு இஞ்ச் நல்ல சரள், மூன்று மூன்று இஞ்சாக ரெண்டு படை. லேசாகத் தண்ணீர் தெளித்துத் திமிசு (தரை இடிக்கிற கனத்த கட்டை) போட்டு, திமிசு துள்ளுகிற வரைக்கும் குத்த வேண்டும். மண் சொல்லும்: முதலில் "பொத்" என்று கேட்கும், அமுங்கினபிறகு "டங்" என்று கேட்கும். அதற்கு மேல் நாலு இஞ்ச் ஜல்லியும் கிரஷர் டஸ்ட்டும் (ஜல்லி உடைக்கிற இடத்துக் கல்தூள்) கலந்தது, அதையும் குத்துங்கள். மிச்சம் ரெண்டு இஞ்ச் தார்க் கலவைக்கு.

கலவைக்கு ஹாட் மிக்ஸ் பிளான்ட்டில் போய் நிற்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது நாலடிச் சதுரம் என்றால் 170 கிலோ சொச்சம், அரையடி கூட்டி வெட்டினால் இன்னும் பாதி கூடும். அவ்வளவு சின்ன லோடு வந்து சேருவதற்குள் ஆறிவிடும். உங்கள் மாமா கதைதான் திரும்ப. மூட்டையில் வருகிற கோல்டு மிக்ஸ், சூடாக்காமல் அப்படியே போடுகிற தார்க் கலவை, அதை வாங்குங்கள். ஐந்தடிச் சதுரம், ரெண்டு இஞ்ச் கனத்துக்கு 25 கிலோ மூட்டை பதினொன்று பிடிக்கும். பரப்பும்போது ரெண்டரை இஞ்ச் பரப்பினால்தான் குத்தினபிறகு ரெண்டு நிற்கும். அதற்கு முன்னால் அடியிலும் நாலு ஓரத்திலும் எமல்ஷன் (தண்ணீரில் கலந்து வருகிற தார்) பூச மறக்க வேண்டாம், சீக்கிரம் இறுகுகிற வகை, ஆர்.எஸ்.1 என்று கேளுங்கள். ஊற்றும்போது கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பிரிந்து கறுக்கும். கறுத்தபிறகுதான் கலவையைப் போட வேண்டும். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

இனி நாற்பதடி விரிசல். இது கரிசல் இழுக்கிற இழுப்பு. ஓரம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், நடுப்பாதை ஈரத்தோடு கிடக்கும், ரெண்டுக்கும் நடுவே கிழியும். வேப்ப மரம் அந்தப் பக்கத்து ஈரத்தையும் உறிஞ்சுவதால் கிழக்கே மட்டும் வந்திருக்கிறது. மரத்தை வெட்டச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் உங்கள் அத்தை விட மாட்டார்கள். இது உயிருள்ள விரிசல், உங்கள் ஆணி அதைக் காட்டும். அதை மூட முடியாது, தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்.

பழைய ஸ்க்ரூடிரைவரை வளைத்துக் கொக்கி மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற புல், வேர், மண் எல்லாவற்றையும் கிளறி எடுங்கள். கம்பி பிரஷ் போடுங்கள். பிறகு ஊதுங்கள்; ஏசி சுத்தம் செய்கிறவர்களிடம் ஊதுகிற மிஷின் இருக்கும். விரலை ஓரத்தில் தேய்த்தால் தூசி வரக் கூடாது. டாலஸ் தம்பி சொன்ன கயிற்றுக்குப் பதில் நமக்குக் காய்ந்த எம்-சாண்ட். மேலே அரை இஞ்ச் விட்டு மணலை நிரப்பிக் கம்பியால் குத்திவிடுங்கள். அந்த அரை இஞ்சுக்கு எமல்ஷன், இதற்கு மெதுவாக இறுகுகிற எஸ்.எஸ். வகை, கூடவே நைஸ் மணல் கலந்து கூழாக ஊற்றலாம்.

அரை இஞ்ச் அகலம், அரை இஞ்ச் ஆழம், நாற்பது அடி. ரெண்டு லிட்டர் இடம்தான் வருகிறது. ஆனால் எமல்ஷனில் நூற்றுக்கு அறுபது பங்குதான் தார், மிச்சம் தண்ணீர். காய்ந்ததும் உள்ளே இறங்கும், மறுநாள் ரெண்டாம் தரம் ஊற்ற வேண்டும். தரைமட்டத்துக்கு நிரப்பாதீர்கள், கால் இஞ்ச் தாழ்த்தி விடுங்கள். ஐப்பசியில் மண் வீங்கி விரிசல் நெருங்கும்போது உள்ளே இருப்பது மேலே பிதுங்கும். அதற்கு இடம் வேண்டும். முடித்ததும் மேலே கிரஷர் டஸ்ட் தூவுங்கள், அத்தை செருப்பு தப்பிக்கும்.

கிழக்கு ஓரத்தில் ரெண்டடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரளைப் பரப்பி, வெளியே சரிவாகக் குத்திவிடுங்கள். இந்த ஓரப் பட்டைக்குத்தான் தோள் என்று பெயர், தோள் இல்லாத ரோடு நிற்காது. பாதி வைத்தியம் அதில்தான் இருக்கிறது.

கழிவு ஆயில் பூசினவரைப் பற்றி என்ன சொல்ல. ஆயில் தாரைக் கரைக்கும், அதனால்தான் கார் ஒழுகுகிற இடத்தில் ரோடு இளகும். கரைக்கிறதைக் கொண்டே ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறார். உச்சி வெயிலில் கிரஷர் டஸ்ட் கொட்டிப் பெருக்கி, திரும்பக் கொட்டிப் பெருக்கி, அந்தப் பிசுபிசுப்பு போனபிறகுதான் மேலே எதுவும் பிடிக்கும். தலைமுடிக் கோடுகளுக்கு அதன்பிறகு எமல்ஷனில் சமபங்கு தண்ணீர் கலந்து லேசாகத் தெளித்து மணல் தூவினால் போதும்.

பொங்கல் வட்டம்: தீயில் தாரின் எண்ணெய்ப் பசை போய்விட்டது, அது இப்போது கரி. வெட்டி எடுத்துவிட்டு அங்கே தார் போடாதீர்கள். மூன்றடிக்கு மூன்றடி செங்கல் தளம் போட்டுவிடுங்கள், ஆண்டுக்கு ஒரு நாள் பானைக்கு, மற்ற நாள் கோலத்துக்கு.


செங்கோட்டைச் சாரல் | 3 செப்டம்பர் 2024

அண்ணாச்சி சொன்னதில் காலம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் விடாது. ஆவணியிலும் ஓரம் ஈரமாகத்தான் கிடக்கும். நாங்கள் மாசி, பங்குனியில் செய்வோம். தாழையூத்துப் பக்கம் இப்போது காய்ந்துதானே கிடக்கும், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: விடிகாலையில் ஊற்றாதீர்கள், பனி ஈரம் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.


கணக்கு டீச்சர் | 3 செப்டம்பர் 2024

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். எமல்ஷன் எல்லாம் எதற்கு, ரெண்டு கிலோ தாரை வாங்கிப் பழைய சட்டியில் காய்ச்சி ஊற்றினால் இன்னும் கெட்டியாக நிற்கும் என்று மகன் சொல்கிறான். விறகடுப்பு இருக்கிறது. செய்யலாமா?


தார்ச்சட்டி | 4 செப்டம்பர் 2024

நிற்கும். ஆனாலும் வேண்டாம். என் பெயரைப் பாருங்கள், தார்ச்சட்டியோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். தாரைக் கொதிக்க வைக்கக் கூடாது, இளக்க வேண்டும். 150, 160 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும். நீலமாகப் புகை வந்தால் கருகிவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு அதில் ஒட்டு இருக்காது, ஊற்றினாலும் கண்ணாடி மாதிரி வெடிக்கும். ஈரமான சட்டி, ஈரக் கரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், பால் பொங்குகிற மாதிரி பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும். என் இடது முழங்கைக்குக் கீழே இன்னும் ஒரு தோல் பளபளவென்று இருக்கிறது, அது 1994-ல் வந்தது.

யாருக்காவது எப்போதாவது பட்டுவிட்டால் ஒன்று செய்யுங்கள்: பச்சைத் தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஒட்டின தாரைப் பிய்க்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். மகனுக்கு வேகம் இருந்தால் திமிசைக் கையில் கொடுங்கள்.


கணக்கு டீச்சர் | 29 டிசம்பர் 2024

எல்லோருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வுப் பேப்பர் திருத்தி முடித்தேன், அதனால் இப்போதுதான் கை ஓய்ந்தது.

குழாயைச் செப்டம்பர் 8-ல் மாற்றினோம். ஒரு எல்போ இல்லை, மூன்று தேவைப்பட்டது. பிளம்பர் வராமல் மகனே ஒட்டினான். ஒரு இடத்தில் சொட்டுகிறது, அது மேற்குப் பக்கம் என்பதால் விட்டுவிட்டேன்.

ஒட்டுப்போட வெட்டினபோது அண்ணாச்சி சொன்னது கண்ணுக்குத் தெரிந்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடந்த புரட்டாசியில், அந்த நாலடிக்குக் கீழே மட்டும் கரிசல் களி மாதிரி கையில் அப்பியது. பன்னிரண்டு இஞ்ச் தோண்டச் சொன்னீர்கள், பதினாலாகிவிட்டது. திமிசு "பொத்"திலிருந்து "டங்"குக்கு வர ஒரு படைக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. மகனுக்கு மூன்று நாள் தோள்பட்டை வலி. அவன் இப்போது எந்த ரோட்டில் போனாலும் காலால் தட்டிப் பார்க்கிறான். கோல்டு மிக்ஸ் பதினொரு மூட்டை வாங்கி ஒன்று மிச்சம். கணக்கு என்னுடையதல்ல, அண்ணாச்சியுடையது. ஓர் ஓரம் கனம் குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

விரிசலைச் சுத்தம் செய்யத்தான் அதிக நேரம் ஆனது. நாற்பது அடிக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. உள்ளே இருந்து கோரைப்புல், வேப்பங்கொட்டை, ஒரு பத்து ரூபாய் நாணயம், அத்தை 2019-ல் தொலைத்த ஒற்றைக் கம்மலின் திருகு எல்லாம் வந்தது. கம்மலை அந்த வருஷமே அழித்து மோதிரமாக்கிவிட்டார்கள் என்பதால் திருகைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை. எமல்ஷன் ரெண்டு தரம் ஊற்றினேன், கால் இஞ்ச் தாழ்த்தி.

டிசம்பர் 12, 13 மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பாதையில்தான் நின்றேன். ஒட்டுப்போட்ட இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை, ஓடியது. நீள விரிசலில் ஊற்றினது ஆறேழு அடிக்கு லேசாக மேலே எழும்பியிருக்கிறது, நீங்கள் சொன்ன பிதுக்கம்தான் போல, ஆனால் கிழியவில்லை. வேப்ப மரத்துக்கு நேரே மட்டும், பழைய கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, நூல் மாதிரி புதுசாக ஒன்று தெரிகிறது. அதில் ஊற்றவா, விடவா?

ஆணிக் கணக்கு: அக்டோபர் 1-ல் மூன்று ஜோடியும் 101. நவம்பர் 15-ல் 98, 97, 96. மூன்றாவதுதான் மரத்துக்கு நேரே இருப்பது.


தார்ச்சட்டி | 30 டிசம்பர் 2024

பார்த்தீர்களா, மழைக்கு நெருங்கியிருக்கிறது. அஞ்சு மில்லிமீட்டர் நடக்கிற விரிசல் அது. நூல் கோட்டை இப்போது தொட வேண்டாம். அங்கே தோள் சரளை இன்னும் ஓர் அடி அகலப்படுத்துங்கள், வேர் மேலே தெரிந்தால் சரளால் மூடுங்கள், வெட்டாதீர்கள். பெரிய வேரை வெட்டினால் ஆடிக் காற்றில் மரம் உங்கள் கார்மேல் வந்து படுக்கும். பங்குனியில் கோடு எத்தனை அகலம் என்று பார்த்துவிட்டு ஊற்றலாம். டிசம்பர் அளவு எங்கே?


கணக்கு டீச்சர் | 30 டிசம்பர் 2024

முதல் ஜோடி 97. ரெண்டாவது 95.

மூன்றாவது ஜோடியை அளக்க முடியவில்லை அண்ணாச்சி. மார்கழி பிறந்ததிலிருந்து அத்தை புதுச் செங்கல் தளத்தில் கோலத்தை ஆரம்பித்து, இடம் பத்தாமல் பாதை முழுக்க இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆணிக்கு மேலே சாணிப் பிள்ளையாரும் பூசணிப் பூவும் உட்கார்ந்திருக்கிறது. தினம் புதுசாக, சொல்லிவைத்த மாதிரி அதே இடத்தில். தை பிறந்ததும் அளந்து எழுதுகிறேன்.